ஒரே வலி, பல நோய்கள்: அரபு மருத்துவ மரபில் ‘ஃபர்க்’ காணும் கலை

அரபு அறிவுலகில் ‘ஃபுரூக்’ என்றொரு நூல்வகை உண்டு. ‘ஃபர்க்’ என்றால் வேறுபாடு. அதன் பன்மையே ‘ஃபுரூக்’. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றி, உண்மையில் வேறுவேறான இரு பொருள்களை அருகருகே நிறுத்தி, அவற்றைப் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது என்று காட்டுவதே இந்நூல்களின் பணி. ஒருபொருள் குறித்தவை எனக் கருதப்படும் சொற்களுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளை அபூ ஹிலால் அல்அஸ்கரீ ஒரு நூலாகவே தொகுத்தார். ஃபிக்ஹுக் கலையில் மாலிகீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஷிஹாபுத்தீன் அல்கராஃபீ (ரஹ்) (மறைவு: ஹி. 684 / கி.பி. 1285) எழுதிய ‘அல்ஃபுரூக்’ இவ்வகையில் தலையாயது. சாட்சியம் அளிப்பதற்கும் செய்தியை அறிவிப்பதற்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து அந்நூல் தொடங்குகிறது. இரண்டும் ஒருவர் சொல்லும் செய்திதான். ஆயினும் இரண்டுக்கும் சட்டம் ஒன்றன்று. பிரித்தறியாமல் தீர்ப்பு வழங்குபவர் தவறிழைப்பார் என்பதே இந்நூல்வகையின் அடிப்படைப் பாடம்.

இதே மனப்பாங்கு மருத்துவத்திலும் வேலை செய்தது என்பது நம்மவரிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரபு மருத்துவத்தின் பெருமையைப் பேசும்போது அறுவைக் கருவிகளையும், மருத்துவமனைகளையும், மருந்து வகைகளையும் எடுத்துக்காட்டுகிறோம். ஆனால் அம்மருத்துவர்கள் தங்கள் ஆற்றலின் பெரும்பகுதியைச் செலவிட்ட இடம் வேறு. மருந்தைத் தேடுவதற்கு முன், ‘இது எந்த நோய்? இதைப் போலவே தோன்றும் மற்ற நோய்கள் எவை? அவற்றிலிருந்து இதைப் பிரிக்கும் அடையாளம் என்ன?’ என்னும் கேள்விகளில் அவர்கள் நின்றார்கள். அதிலும் வலி தரும் நோய்களில் இந்தக் கேள்வி மிகக் கடினமானது. காய்ச்சலைத் தொட்டறியலாம், மஞ்சள் காமாலையைக் கண்ணில் காணலாம், வலியோ நோயாளியின் சொல்லில் மட்டுமே மருத்துவரிடம் வந்து சேர்கிறது. ஒரே இடத்தில் ஒரே மாதிரி வலிக்கும் இரண்டு நோய்கள் இருக்கலாம். ஒரே நோய் இருவேறு இடங்களில் வலிக்கலாம். இங்கே ஃபர்க் தெரியாதவர் தரும் மருந்து, மருந்தாக இராது.

ஜாலீனூஸின் வயிற்றுவலி

இக்கதை முஸ்லிம்களிடம் தொடங்கவில்லை என்பதையும் நேர்மையுடன் சொல்லியாக வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன், அதாவது நம் நூல்கள் ‘ஜாலீனூஸ்’ என்று குறிப்பிடுபவர், உள்ளுறுப்புகளின் நோய்களை அறிவது பற்றி ஆறு பகுதிகள் கொண்ட ஒரு நூல் எழுதினார். அதில் தமக்கு வந்த கடும் வலி ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். அடிவயிற்றின் ஆழத்தில் துளைபோடும் கருவியால் துளைப்பது போன்ற வலி. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் கல் சிக்கிக்கொண்டது என்றே அவர் நினைத்தார். பின்னர் எண்ணெய் மருந்தை எனிமாவாகச் செலுத்திக்கொண்டபோது, கண்ணாடி போன்ற கெட்டியான சளி வெளியேறியது, வலியும் நீங்கிற்று. ஆகவே நோய் கல்லன்று, குடலில் இருந்தது என்று அறிந்தார்.

தம் உடலின் வலியையே ஒரு தேர்ந்த மருத்துவர் தவறாகக் கணித்தார் என்னும் இச்செய்தி, ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் பக்தாதில் செய்த மொழிபெயர்ப்புப் பணியின் வழியே அரபியில் நுழைந்தது. ‘அல்மவாளிஉல் ஆலிமா’ (நோவு கொண்ட இடங்கள்) என்று அந்நூல் அரபு மருத்துவ மாணவரிடையே வழங்கலாயிற்று. குடல் வலியான ‘கூலஞ்ச்’ நோய்க்கும் சிறுநீரகக் கல்லின் வலிக்கும் இடையிலான ஃபர்க், அதன்பின் நூற்றாண்டுகளாக அரபு மருத்துவர் ஒவ்வொருவரும் தீர்க்க முயன்ற கணக்காயிற்று.

ராஸீ கேட்க மறந்த கேள்வி

அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (ஹி. 251-313 / கி.பி. 865-925) ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக இருந்தவர். அவர் நோயாளிகளைப் பார்த்த முறையை இப்னுந் நதீம் தம் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் பதிவு செய்துள்ளார். ஆசிரியர் நடுவில் அமர்ந்திருப்பார். அவரைச் சூழ மாணவர் வட்டம். அதற்கு வெளியே அவர்களின் மாணவர் வட்டம். அதற்கும் வெளியே இன்னொரு வட்டம். வருகின்ற நோயாளி முதலில் வெளிவட்டத்தாரிடமே தம் நோயைச் சொல்வார். அவர்களுக்கு விளங்கவில்லையெனில் அடுத்த வட்டம். அங்கும் விளங்காவிடில் ராஸீ பேசுவார். ஒரே நோயைப் பலர் கேட்டு, பலர் ஐயுற்று, இறுதியில் முடிவுக்கு வரும் இவ்வேற்பாடு, பிரித்தறியும் பயிற்சிக்கென்றே அமைந்தது எனலாம்.

பெரியம்மை, தட்டம்மை ஆகிய இரண்டையும் குறித்து ராஸீ எழுதிய ‘அல்ஜுதரீ வல்ஹஸ்பா’ எனும் சிறுநூல் உலகப் புகழ் பெற்றது. 1848-இல் அது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. 1980-இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று அறிவித்த பிறகும் மருத்துவ வரலாற்றில் அதன் இடம் மாறவில்லை. இரு நோய்களையும் நெருங்கிய உறவுடையவையாகவே ராஸீ கருதினார். ஆயினும் கொப்புளங்கள் எழுமுன்னரே இரண்டையும் பிரிக்க அவர் கையாண்ட அடையாளங்களுள் ஒன்று, வலி. முதுகுவலி பெரியம்மைக்கே சிறப்பாக உரியது. குமட்டலும் மனத்தவிப்பும் தட்டம்மையில் மிகுதி என்று அவர் குறித்தார். ஒரே காய்ச்சலோடு வரும் இரு நோயாளிகளில், முதுகு வலிக்கிறதா என்ற ஒரு கேள்வி இருவரையும் இரு வழியில் பிரித்துவிடுகிறது.

அதே ராஸீ, முதுகைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறிய ஓர் இடமும் உண்டு. அதை நமக்குச் சொன்னவரும் அவரேதான்.

அவரது பெருநூலான ‘அல்ஹாவீ’ அவர் மறைந்த பின் அவருடைய குறிப்பேடுகளிலிருந்து தொகுக்கப்பட்டது. கி.பி. 1279-இல் இலத்தீனுக்குச் சென்ற அந்நூலின் அரபு மூலம், நம் நாட்டில் ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனத்தாரால் 1955 முதல் 23 பாகங்களாக அச்சேறியது. அந்நூலில் ராஸீ தம் நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள் சில உள்ளன. 1921-இல் எட்வர்டு பிரௌனும், 1935-இல் மாக்ஸ் மேயர்ஹோஃபும் இவற்றை ஐரோப்பிய வாசகருக்கு அறிமுகப்படுத்தினர். அவற்றுள் முதன்மையானது அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவரின் நோய் பற்றியது.

இவருக்கு முறை தவறிய காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. சில வேளை நாள்தோறும், சில வேளை ஒருநாள் விட்டு, சில வேளை ஆறு நாளுக்கு ஒருமுறை. காய்ச்சலுக்கு முன் சிறு நடுக்கம். அடிக்கடி சிறுநீர் கழிப்பு. ராஸீ இரண்டு வாய்ப்புகளைச் சொன்னார்: ஒன்று, இது நான்காம் நாள் முறைக்காய்ச்சலாக மாறும், அல்லது சிறுநீரகத்தில் புண் இருக்கிறது. சில நாளில் சிறுநீரில் சீழ் வெளியேறியது. புண் என்பது உறுதியாயிற்று. சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளால் சீழை வடித்து, பின் புண்ணை ஆற்றும் மருந்துகளைக் கொடுத்தார். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் நோயாளி முழு நலம் பெற்றார்.

வெற்றிக் கதையாக எழுதி முடித்திருக்கலாம். ஆனால் ராஸீ, தாம் ஏன் முதலிலேயே உறுதியாகச் சொல்லவில்லை என்று தம்மையே விசாரிக்கிறார். நோயாளிக்கு முன்பே முறைக்காய்ச்சல் வந்திருந்தது. அது தம் கணிப்பைத் திசைதிருப்பியது என்கிறார். அடிக்கடி சிறுநீர் கழிப்பது சிறுநீரகத்தை நோக்கிக் கைகாட்டியிருக்க வேண்டும். ஆனால் நோயாளியின் தந்தைக்கும் சிறுநீர்ப்பை பலவீனம் இருந்ததும், நலமாயிருந்த காலத்தில் நோயாளிக்கே அப்படி நேர்வதுண்டு என்பதும் குழப்பத்தை மிகுவித்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுந்து நிற்கும்போது இடுப்பில் பாரம் தொங்குவது போலிருக்கிறதா என்று தாம் கேட்கவில்லை; நோயாளியும் சொல்லவில்லை. சீழ் வந்த பிறகு கேட்டபோது, ஆம், இருந்தது என்றார் அவர்.

இக்குறிப்பில் அடங்கியுள்ள மருத்துவ அறிவு, தடிமனான நூல் ஒன்றுக்கு ஈடானது. பழைய நோய் ஒன்று புதிய நோயை மறைக்கிறது. பொதுவான அறிகுறி தவறான பாதையில் இழுக்கிறது. சிறிய நோவை நோயாளி தானாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார். இன்றைய மருத்துவக் கல்லூரிகளில் கணிப்புப் பிழை பற்றிய பாடங்களில் சொல்லப்படுவனவும் இவைதாம். மேதை ஒருவர் தம் மறதியை மாணவருக்காக எழுதிவைத்ததால், அந்த மறதி பிறருக்கு அறிவாயிற்று.

நோய்களிடையே உள்ள வேறுபாடுகளை மட்டுமே பொருளாகக் கொண்ட தனிநூல் ஒன்றும் ராஸீயின் பெயரால் வழங்குகிறது. ‘மல் ஃபாரிக்’ எனத் தொடங்கும் தலைப்புடைய அந்நூலை ஸல்மான் கதாயா பதிப்பிக்க, 1978-இல் ஹலப் நகரில் அது வெளிவந்தது. ஃபிக்ஹில் கராஃபீ செய்த பணியை, அவருக்கு முன்னரே மருத்துவம் தன் துறையில் தொடங்கிவிட்டது.

வலியின் பதினைந்து பெயர்கள்

இப்னு ஸீனா (ஹி. 370-428 / கி.பி. 980-1037) தம் ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலின் முதற்பகுதியில் வலியைப் பதினைந்து வகையாகப் பிரிக்கிறார். அரிப்பது, சொரசொரப்பாக உறுத்துவது, குத்துவது, அழுத்துவது, இழுப்பது, பிய்ப்பது, முறிப்பது, தளர்த்துவது, துளைப்பது, கோணியூசி பாய்வது போன்றது, மரத்துப்போவது, துடிப்பது, பாரமாயிருப்பது, களைப்பாயிருப்பது, காந்துவது என்பன அவை. இது சொல்லடுக்கு அன்று. ஒவ்வொரு வகைக்கும் ஒரு காரணத்தையும், பெரும்பாலும் ஓர் இடத்தையும் அவர் இணைக்கிறார். துடிக்கும் வலி, நாடிகளுக்கு அருகே உள்ள சூடான வீக்கத்தைக் குறிக்கும். குத்தும் வலி சவ்வுகளில் எழும். பாரமான வலியோ, நுரையீரல், சிறுநீரகம், மண்ணீரல் போன்ற, தன்னளவில் உணர்ச்சி குறைந்த உறுப்பில் வீக்கம் ஏற்பட்டு, அதன் எடை சுற்றியுள்ள சவ்வை இழுப்பதால் உண்டாகும். ராஸீ கேட்க மறந்த ‘இடுப்பில் பாரம்’ என்னும் அடையாளத்துக்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது.

1975-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அறிஞர் ரொனால்டு மெல்ஸாக், நோயாளிகள் தம் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் 78 சொற்களை 20 குழுக்களாக வகுத்து ஒரு வினாத்தாளை வெளியிட்டார். துடிப்பது, குத்துவது, துளைப்பது, பாரமாயிருப்பது போன்ற சொற்கள் அதிலும் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. நோயாளியின் சொல்லைக் கவனமாகக் கேட்டால் அதற்குள் நோயின் முகவரி இருக்கும் என்னும் நம்பிக்கை, ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இருவரிடமும் ஒன்றாக இருக்கிறது என்பதே கருத்து.

கூலஞ்சையும் சிறுநீரகக் கல்லையும் பிரிக்க இப்னு ஸீனா தரும் பட்டியல் இதற்கு நல்ல சான்று. கூலஞ்ச் வலி கீழே வலப்புறத்திலிருந்து தொடங்கி மேலும் இடப்புறமும் பரவும். கல்லின் வலி மேலிருந்து சிறிது கீழிறங்கி, முதுகுப்புறம் சாய்ந்து ஓரிடத்தில் நிற்கும். கூலஞ்ச் பேரிடத்தைப் பிடிக்கும். கல்லின் வலி சிறிய இடத்தில் ஊசிபோல் நிற்கும். உண்டால் கூலஞ்ச் மிகும். வெறும் வயிற்றில் கல்லின் வலி மிகும். கூலஞ்ச் திடீரென முழுமையாக வரும். கல்லின் வலி சிறுகச் சிறுக ஏறும். முன்னதில் பசியின்மையும் மலச்சிக்கலும் முந்தி நிற்கும். பின்னதில் முதுகுவலியும் சிறுநீர்த் தடையும் முந்தி நிற்கும். இடம், பாதை, பரப்பு, காலம், உணவோடு உறவு, உடன் வரும் அறிகுறிகள் என்று, இன்றும் எந்த மருத்துவரும் வலியைப் பற்றிக் கேட்கும் கேள்விகளின் வரிசை இதில் அடங்கியுள்ளது.

ஆயினும் கலையின் எல்லையையும் இதே மேதையின் வாழ்வு காட்டுகிறது. ஃபர்தஜான் கோட்டையில் சிறைப்பட்டிருந்தபோது கூலஞ்ச் பற்றித் தனிநூல் எழுதியவர் இப்னு ஸீனா. அந்த நோயே அவரைப் பிடித்தது. அரசருடன் பயணம் செய்ய வேண்டிய அவசரத்தில், ஒரே நாளில் எட்டு முறை எனிமா செலுத்திக்கொண்டார் என்றும், அதனால் குடலில் புண் உண்டாயிற்று என்றும் அவருடைய மாணவர் ஜூஸ்ஜானீ எழுதுகிறார். இரண்டு தானிக் அளவு சேர்க்கச் சொன்ன விதையை மருத்துவர் ஒருவர் ஐந்து திர்ஹம் அளவு சேர்த்துவிட்டதும், பணியாள் ஒருவர் மருந்தில் அபினை மிகுதியாகக் கலந்ததும் அவர் குறிப்பில் உள்ளன. ஹி. 428-இல் ஹமதான் நகரில் அவர் காலமானார். ‘கூலஞ்ச்’ என்னும் ஒரே பெயருக்குள் பிற்காலம் தனித்தனியே பிரித்த பல நோய்கள் அடங்கியிருந்தன. குடல்வாலின் அழற்சி தனி நோயாகப் பெயர் பெற்றதே 1886-இல்தான். பெயர் ஒன்றாயிருந்தவரை மருத்துவமும் ஒன்றாகவே இருந்தது.

இர்குந் நஸா: மறக்கடிக்கும் வலி

நாட்பட்ட வலிகளில் ஃபர்க் எவ்வளவு கடினம் என்பதற்கு மூட்டு, இடுப்பு நோய்கள் சான்று. அரபு மருத்துவர் ‘அவ்ஜாஉல் மஃபாஸில்’ (மூட்டு வலிகள்) என்னும் பெருந்தலைப்பின்கீழ் இவற்றை வைத்தனர். அதற்குள் பாதத்தின் மூட்டுகளை, சிறப்பாகப் பெருவிரலைத் தாக்குவதை ‘நிக்ரிஸ்’ என்றனர். இடுப்பு மூட்டிலேயே தங்கிவிடும் வலியை ‘வஜஉல் வரிக்’ என்றனர். அங்கே தொடங்கித் தொடையின் பின்புறமாக இறங்கி முழங்காலையும் குதிகாலையும் எட்டுவதை ‘இர்குந் நஸா’ என்றனர். இன்று சியாட்டிகா எனப்படுவது இதுவே. இரண்டுக்கும் தொடக்க இடம் ஒன்று. பிரிப்பது, வலி இறங்குகிறதா நிற்கிறதா என்பது மட்டுமே.

இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) (ஹி. 691-751 / கி.பி. 1292-1350) தம் ‘ஸாதுல் மஆத்’ நூலின் மருத்துவப் பகுதியில் இந்நோயைப் பற்றி எழுதுவது இருவகையில் கருதத்தக்கது. முதலில் மொழிநுட்பம். ‘நஸா’ என்பதே ஒரு நரம்பின் பெயராயிருக்க, ‘இர்க்’ என்னும் சொல்லை அதனோடு சேர்ப்பது முறையா என்ற இலக்கண வினாவை எடுத்து ஆராய்கிறார். மற்ற எல்லாவற்றையும் மறக்கச் செய்யும் வலி என்பதால் இப்பெயர் வந்தது என்ற கருத்தையும் குறிப்பிடுகிறார். நோய் நீடிக்க நீடிக்க வலி கீழிறங்கும். காலும் தொடையும் மெலியும் என்றும் சொல்கிறார்.

இரண்டாவது, நம் காலத்துக்கு மிகவும் தேவையானது. இந்நோய்க்கு ஆட்டின் வால் கொழுப்பை உருக்கி மூன்று பகுதியாக்கி வெறும் வயிற்றில் அருந்தும் முறை இப்னு மாஜாவின் தொகுப்பில் நபிமொழியாக வந்துள்ளது. அதை விளக்கும் இமாம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கூற்றுகளில் எல்லாருக்கும் பொதுவானவையும் உண்டு, குறிப்பிட்ட மக்களுக்கும் சூழலுக்கும் உரியவையும் உண்டு என்று பிரிக்கிறார். இது இரண்டாம் வகை. ஹிஜாஸ் மக்களுக்கும், சிறப்பாகப் பாலைவாசிகளுக்கும் சொல்லப்பட்டது. அவர்களிடம் இந்நோய் வறட்சியால் உண்டாவதால் அம்மருந்து பொருந்துகிறது என்கிறார். நபிமொழியில் வந்த மருந்தைக்கூட, நோயாளி யார், காரணம் எது என்று கேட்டே பொருத்த வேண்டும் என்னும் இந்நிலைப்பாடு, ஃபுரூக் மரபின் உச்சம்.

இந்த நோய்களின் பிரிவினை இமாமின் காலத்தோடு முடியவில்லை. 1764-இல் இத்தாலிய மருத்துவர் தொமேனிகோ கொத்துஞ்ஞோ, நரம்பினால் வரும் இடுப்பு வலியை மூட்டினால் வரும் வலியிலிருந்து பிரித்தார். 1934-இல் மிக்ஸ்டர், பார் ஆகிய அமெரிக்க மருத்துவர் இருவர், முதுகெலும்புகளுக்கிடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவது சியாட்டிகாவுக்குக் காரணமாவதை எடுத்துக்காட்டினர். மக்கள் வழக்கில் ‘ஜவ்வு விலகல்’ என்பது இதுதான். நிக்ரிஸ் நோயாளியின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுவதை 1848-இல் ஆல்ஃபிரட் கேரட் காட்டினார். அவரே 1859-இல் முடக்குவாதத்துக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டி, அதை நிக்ரிஸிலிருந்து விலக்கினார். பழையோர் பாதத்தைப் பார்த்துப் பிரிக்க முயன்றதைப் பின்னோர் இரத்தத்தைப் பார்த்துப் பிரித்தனர்.

சட்டமும் துணை நின்றது

பிரித்தறியாமல் மருத்துவம் செய்வதைத் தனிமனிதக் குறையாக மட்டும் இஸ்லாமியச் சமூகம் விட்டுவிடவில்லை. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பு என்னும் கருத்தில் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகியோர் பதிவு செய்த நபிமொழி இதற்கு அடித்தளமானது. ஹி. 319-இல் (கி.பி. 931) பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவற்றால் ஒருவர் இறந்த செய்தி கலீஃபா அல்முக்ததிரை எட்டியது. ஸினான் இப்னு ஸாபித்தின் சோதனையில் தேறாதவர் எவரும் தொழில் செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். அவ்வாறு சோதிக்கப்பட்டோர் 860-க்கும் மேற்பட்டவர் என்று இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார்.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிப்களுக்கு எழுதிய கையேட்டில் இன்னொரு முறையைச் சொல்கிறார். மருத்துவர் தாம் கண்ட நோய்க்குறிகளையும் கொடுத்த மருந்தையும் எழுதி நோயாளியின் உறவினரிடம் தர வேண்டும். நோயாளி இறந்துவிட்டால், அந்த எழுத்துகள் தலைமை மருத்துவரின் முன் வைக்கப்படும். தவறு நேர்ந்திருந்தால் இழப்பீடு கேட்கும் உரிமை உறவினருக்கு உண்டு. எழுதிவைப்பது என்னும் ராஸீயின் தனிப்பட்ட பண்பு இங்கே சட்டமாகிறது.

அதே வேளையில் சட்டம் கண்மூடித்தனமாகவும் இல்லை. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) மருத்துவரை ஐந்து வகையாகப் பிரித்து, அறியாமல் துணிந்தவரையும், அறிந்திருந்தும் கணிப்பில் பிழைத்தவரையும் ஒரே தட்டில் வைக்காமல் தனித்தனித் தீர்ப்புச் சொல்கிறார். தேர்ந்த மருத்துவர் கவனிக்க வேண்டிய இருபது செய்திகளை வரிசைப்படுத்தும்போது, முதலிடம் நோய் எந்த வகையது என்பதற்கு. இரண்டாமிடம் அதன் காரணத்துக்கு. மருந்து பிறகே வருகிறது.

இன்றைய நிலை

பழைய மருத்துவத்தை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு கலவைகளின் கொள்கை காலாவதியாகிவிட்டது. கிருமியையோ, நரம்பின் வேரையோ, யூரிக் அமிலத்தையோ அவர்கள் கண்டதில்லை. எஞ்சி நிற்பது அவர்களின் முறை: கேட்பது, பிரிப்பது, எழுதிவைப்பது, தவறினால் ஒப்புக்கொண்டு திருத்துவது.

கருவிகள் பெருகிய இக்காலத்திலும் இதன் தேவை குறையவில்லை. உடல் முழுதும் நீடித்த வலி, களைப்பு, ஆழ்ந்த உறக்கமின்மை ஆகியவற்றோடு வரும் ஃபைப்ரோமயால்ஜியாவை உறுதி செய்ய இரத்தச் சோதனை எதுவும் இல்லை. 1990-இல் வகுத்த நெறியின்படி, உடலில் குறித்த 18 இடங்களில் 11-இலாவது அழுத்தினால் வலிக்க வேண்டும். 2010-இல் வந்த புதிய நெறி அந்தத் தொடுபுள்ளிகளைக் கைவிட்டு, வலி பரவிய இடங்களையும் களைப்பு, உறக்கம், நினைவாற்றல் பற்றிய கேள்விகளையும் முன்வைத்தது. கையால் தொட்டுப் பார்த்த இடத்தில் மீண்டும் கேள்வியே வந்து அமர்ந்திருக்கிறது. மேலும், முடக்குவாதம் உள்ளவருக்கே ஃபைப்ரோமயால்ஜியாவும் இருக்கக்கூடும். ஒன்றைக் கண்டதும் மற்றொன்றைத் தேடாமல் விட்டால், மருந்து கொடுத்தும் வலி நிற்காது. நோயாளி மிகைப்படுத்துகிறார் என்று பழி விழும். இளைஞர் ஒருவரின் இடுப்பு வலி, ஓய்வில் மிகுந்து நடந்தால் குறைகிறதா, விடியலில் நெடுநேரம் விறைப்பு இருக்கிறதா என்று கேட்டால், சாதாரண முதுகுவலியிலிருந்து தண்டுவட மூட்டழற்சியை ஐயுற வழி பிறக்கும். கேட்காவிட்டால் ஆண்டுகள் வீணாகும்.

நம் சமுதாயத்திலோ எந்த வலிக்கும் ‘வாயு’ என்றும் ‘வாதம்’ என்றும் ஒரே பெயர் சூட்டும் பழக்கம் உள்ளது. அண்மைக்காலமாக, கருஞ்சீரகமும் ஹிஜாமாவும் எல்லா வலிக்கும் பொதுமருந்து என்று, நோய் இன்னதென்று கேளாமலேயே, நபிவழி மருத்துவத்தின் பெயரால் விற்போரும் பெருகியுள்ளனர். அம்மருந்துகளின் சிறப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நபிவழி மருத்துவத்துக்கு விளக்கம் எழுதிய இமாமே, வால் கொழுப்பு யாருக்கு, எந்தக் காரணத்தால் வந்த நோய்க்கு என்று கேட்ட பிறகுதான் பேசினார். அக்கேள்வியைக் கைவிட்டு மருந்தை மட்டும் எடுத்துக்கொள்வது, அம்மரபைப் பின்பற்றுவதாகாது.

மறுபக்கம், படத்திலும் சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலியே இல்லை என்று சொல்லும் அவசரமும் இம்மரபுக்கு அந்நியமானது. ராஸீயின் நோயாளி இடுப்பின் பாரத்தைச் சொல்லாதது, அது இல்லாததனால் அன்று, யாரும் கேட்காததனால். மாதக்கணக்கில் வலியோடு அலையும் நம் தாய்மாருக்கும் தொழிலாளருக்கும் இது பொருந்தும். நோயாளி தம் வலி எங்கே தொடங்குகிறது, எங்கே போகிறது, எப்போது மிகுகிறது, எதனால் தணிகிறது என்பதை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லட்டும். ஒரே பெயர் பல மாதம் பயன் தராதபோது, அப்பெயரே சரிதானா என்று பணிவுடன் கேட்கட்டும். மருத்துவரும் அக்கேள்வியைத் தமக்கு நேர்ந்த இழுக்காகக் கொள்ளாதிருக்கட்டும்.

ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தைப் படைத்திருக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. மருந்து நோய்க்குப் பொருந்தும்போதுதான் குணம் கிட்டும் என்பதும் அதே போதனையின் பகுதியாகும். அந்தப் பொருத்தத்தைத் தேடும் உழைப்புக்கே நம் முன்னோர் ‘ஃபர்க்’ என்று பெயரிட்டனர். உண்மையை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.